ஏழு நாள் திறக்கக் கூடாத கட்டு

என் மகளின் காலில் ஒட்டியிருந்த கட்டை ஏழு நாள் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் நாலாம் நாள் திறந்தேன். முழுதாக அல்ல, ஒரு மூலையை மட்டும். அந்த ஒரு மூலையே போதுமானதாக இருந்துவிட்டது.

எங்கள் தோட்டம் கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. தென்னைக்கு நடுவில் தக்காளியும் கத்தரியும் போட்டிருக்கிறேன். மகளுக்குப் பத்தொன்பது வயது, பொள்ளாச்சியில் கல்லூரி. காலையில் என் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை போவாள். அங்கே ஒரு கடையோரம் அதை நிறுத்திவிட்டு பஸ் ஏறுவாள். சாயந்திரம் அதிலேயே திரும்புவாள். அப்படித் திரும்பிய ஒரு நாள், குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த மணலில் வண்டி சறுக்கிவிட்டது. வண்டி அவள் மேல் சாய்ந்து, கொதிக்கிற சைலன்சர் வலது கெண்டைக்காலில் அழுந்தியது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம். பக்கத்துத் தோப்பில் கள் இறக்க மரமேறியிருந்தவர் பார்த்துவிட்டு இறங்கி வந்துதான் வண்டியைத் தூக்கினார்.

"அவரு மேல இருந்தே 'வாரேன் அம்மிணி, வாரேன் அம்மிணி'ன்னு சொல்லிட்டே எறங்குனாருங்கப்பா. அந்தத் தென்னை அத்தனை உசரம்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள் மகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில். அவளுக்கு வலி அதிகமானால் இப்படித்தான் பேசுவாள். என் மனைவி பின் சீட்டில் அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே வந்தாள். நான் கார் ஓட்டினேன். அன்று எந்த கியரில் ஓட்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பாலக்காட்டில் டாக்டர் அம்மா புண்ணைக் கழுவிப் பார்த்தார். உள்ளங்கை அகலம் இருந்தது. ஆழமான சூடு என்றார். மூன்று வாரத்தில் தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நடுவில் கிருமி ஏறிவிட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைக்க வேண்டிவரும் என்றார். அந்த நிமிடத்திலிருந்து என் தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. அவள் தொடையில் கத்தி படக் கூடாது, கிருமி ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

கட்டுப் போட்டவர் ஒரு நர்ஸ். பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். வெள்ளைக் கம்பளித் துணி போல ஒரு தகட்டைக் காட்டினார். அதை அளவாக வெட்டிப் புண்ணின் மேல் விரித்து, அதற்கு மேல் ஓரம் ஒட்டுகிற மெத்தை போன்ற ஒன்றை ஒட்டினார். பஞ்சு, துணிச்சுருள், தினமும் பிரித்துக் கட்டுவது எதுவும் கிடையாது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"தினம் மருந்து போட வேண்டாமுங்களா?"

"இதுக்குள்ள மருந்து உண்டு அண்ணா. கிருமியைக் கொல்ற வெள்ளி. புண்ணுல நீர் ஊறும் இல்லையா, அந்த நீர் இதுல எறங்க எறங்க மருந்து வெளிய வரும். நீர் கூடினா மருந்தும் கூடும், கொறஞ்சா கொறையும்."

"அது எப்படிங்க அதுக்குத் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையில் உரக்கடை பில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "தோட்டத்தில டிரிப்பு போட்டிருக்கா அண்ணா? அதுபோலன்னு வெச்சுக்கோங்க. வேருல சொட்டுச் சொட்டா விழும், பறிச்சுப் பார்க்க வேண்டாம். ஏழு நாள் தொடண்டா, நனைக்கண்டா. காய்ச்சலோ நாத்தமோ வந்தா உடனே கொண்டு வாங்க." பிறகு மகளிடம், "மோளே, அப்பாவைப் பார்த்துக்கோ" என்றார். மகள் சிரித்தாள்.

அவர் நல்ல மனதோடு சொன்ன உவமை அது. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் பலித்திருக்கும். சொட்டுநீர் பற்றி ஒன்றும் தெரியாதவன் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான்.

எங்கள் பக்கம் மழை குறைவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும். அதே வெள்ளை சொட்டுவானின் துளையிலும் படியும். வெளியே பார்த்தால் குழாய் நன்றாக இருக்கும், மோட்டார் ஓடும், வால்வு திறந்திருக்கும். ஆனால் ஒரு செடிக்கு மட்டும் தண்ணீர் போகாது. இலை துவண்ட பிறகுதான் தெரியும், அப்போது செடி போய்விட்டிருக்கும். அதனால் சொட்டுநீர் போட்ட எவனும் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார மாட்டான். வரிசை வரிசையாக நடப்பான். ஒவ்வொரு தூருக்குக் கீழும் மண் கறுத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். கறுப்பு இல்லையென்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சொட்டுவானை நகத்தால் தட்டுவான். அப்படியும் வராவிட்டால் குழாயின் கடைசி மூடியைத் திறந்து, தண்ணீரை ஒரேயடியாக ஓடவிட்டு அலசுவான். இருபது வருடமாக நான் செய்கிற வேலை இது. நான் பி.காம். படித்தவன். வங்கி வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் என் கண் இந்த வேலையில்தான் பழகியது.

முதல் நாள் கட்டு வெள்ளையாக இருந்தது. இரண்டாம் நாள் கீழ்ப்பாதியில் மஞ்சளாக ஈரக்கறை தெரிந்தது. மூன்றாம் நாள் அந்தக் கறை பெரிதானது. மேல்பாதி மட்டும் துவைத்து மடித்த வேட்டி மாதிரி அப்படியே இருந்தது. நான் ஒரு மணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்தேன். மகள் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க பாக்கறதுல அதுக்கே வெக்கம் வந்துரும்."

"மேல பாதி காஞ்சு கெடக்குது அம்மிணி."

"காஞ்சா நல்லதுதானுங்கப்பா."

"நீர் எறங்குனாத்தான் மருந்து வரும்னு சொன்னாங்கல்ல. அங்க நீரே எறங்கல. அப்ப மருந்து எப்படி வரும்?"

அவளும் போர்வையை விலக்கிப் பார்த்தாள். என் கேள்வி அத்தனை நியாயமாக இருந்தது. இன்று யோசித்தால் அதுதான் என்னை நடுங்க வைக்கிறது. மூடத்தனமாக ஏதாவது செய்திருந்தால், பச்சிலையை அரைத்துப் பூசியிருந்தால், என்னை நானே திட்டிவிட்டு ஆறியிருப்பேன். நான் யோசித்து யோசித்துத்தான் செய்தேன்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரி எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. மத்தியானம் மனைவி சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். நான் மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த புதுச் சிரிஞ்சை எடுத்தேன். ஒரு டம்ளரில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். மேல்மூலையில் ஒட்டியிருந்த ஓரத்தை நகத்தால் லேசாகக் கிளப்பினேன்.

"வேண்டாங்கப்பா. தொடக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"கட்டைப் பிரிக்கல சாமி. ஒரு சொட்டுத்தான். அங்க மருந்து எறங்கோணுமல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளாக நான் தூங்காதது அவளுக்குத் தெரியும். கடைசியில் காலை என் பக்கம் நீட்டினாள். எனக்காகத்தான் நீட்டினாள் என்று பின்னால்தான் புரிந்தது.

முதல் சொட்டு பட்டதும் "சுடுதுங்கப்பா" என்றாள்.

சிரிஞ்சை வைத்துவிட்டு டம்ளரோடு அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறந்து கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினேன். அவளைக் குளிப்பாட்டிய காலத்தில் எத்தனை ஆயிரம் முறை விளாவியிருப்பேன். கை தானாகச் செய்தது. விளாவியது எனக்கு நினைவிலேயே நிற்கவில்லை. ஒரு சிரிஞ்சு நிறைய உள்ளே விட்டேன். காய்ந்திருந்த மேல்பாதியில் ஈரம் பரவியது. மண் கறுப்பதைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டு நின்றேன். நிம்மதியாக இருந்தது. மூலையை அழுத்தி, அதன் மேல் வேறொரு பிளாஸ்டர் ஒட்டினேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஆறாம் நாள் காலை காய்ச்சல் வந்தது. அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாடை, ஊறிப் புளித்தது மாதிரி. கட்டின் ஓரத்தில் கறை பச்சையாக மாறியிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பிளாஸ்டர் வேறு என்பதை அவள் நாலாம் நாளே கவனித்திருக்கிறாள், நர்ஸ் முதலிலேயே ஒட்டியதாக இருக்கும் என்று விட்டிருக்கிறாள். நான் காரை எடுத்தேன்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். நான் பார்த்தேன், பிறகு சுவரைப் பார்த்தேன்.

"இது நனைஞ்சிருக்கே. எங்க நனைஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "குளிக்கறப்போ நனைச்சுட்டனுங்க டாக்டர். நாந்தான் கவனிக்கல."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். நான் பேசவில்லை. எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் ஒரு வரி எழுதி முடிக்கிற நேரம், பேனாவை மூடி வைக்கிற நேரம். அந்த நேரத்தில் எனக்குள் ஒருவன் ஆறுதலாக இருந்தான். அது நான்தான். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை.

"ஸோப்புத் தண்ணி உள்ள போயிருந்தா ஒரு மருந்து. வெறும் கிணத்து வெள்ளம்னா வேற மருந்து" என்று டாக்டர் தனக்குள் பேசிக்கொண்டே மாத்திரைப் பெயரை எழுதினார்.

"டாக்டர், அவ இல்லீங்க. நாந்தானுங்க."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேல்பாதி காய்ந்திருந்தது, அடைத்துக்கொண்டது என்று நினைத்தது, சிரிஞ்சு. கொதிக்க வைத்த தண்ணீர் என்று அழுத்திச் சொன்னேன்.

"கொதிச்ச வெள்ளம் மட்டும்தானா? யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பச்சை நிறம் வர்றது பெரும்பாலும் பச்சைத் தண்ணில இருந்துதான்."

அப்போதுதான் "சுடுதுங்கப்பா" என்ற குரல் காதில் கேட்டது. டம்ளர், குழாய், கை எல்லாம் வரிசையாக வந்தன.

"விளாவினனுங்க" என்றேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் மலையாளத்தில் சொன்னார். டாக்டர் எழுதியிருந்த மாத்திரையை அடித்துவிட்டு வேறு ஊசி எழுதினார். தண்ணீரில் வாழும் கிருமிக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது, பரிசோதனை முடிவு வர இரண்டு நாளாகும், அதுவரை காத்திருந்தால் பரவிவிடும், இப்போதே ஊசியைத் தொடங்கலாம் என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போகும்போது ஒன்று சொன்னார். "அந்த மேல்பாகம் காஞ்சிருந்தது ஆறிட்டு வந்ததுனால. நீர் ஊறல, அதனால மருந்து வரல. வேண்டாம்னுதான் வரல. ஏழு நாளைக்கு வேண்டிய மருந்தை நீங்க ஒரே நேரத்தில அலசி விட்டுட்டீங்க."

வராந்தாவில் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஏனுங்க, உங்களுக்குச் செடியும் புள்ளையும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவளே எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

கிருமி ஒரு வாரத்தில் அடங்கியது. ஆனால் நன்றாக ஆறிக்கொண்டிருந்த மேல்பாதிதான் இப்போது ஆழமாகப் போயிருந்தது. அதற்குத் தோல் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். சம்மதப் படிவம் மலையாளத்தில் இருந்தது. நர்ஸ் வாசித்துத் தமிழில் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன்.

"அண்ணா, பதினெட்டு கழிஞ்சதல்லே. மோள் தன்னே ஒப்பிட்டா மதி, கையெழுத்து அவளேதான் போடணும். நீங்க சாட்சி."

மகள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். எந்தத் தொடை என்று கேட்டாள். வலது என்றார் நர்ஸ். "செரி, ஒரு கால் முழுசா மிச்சமிருக்கட்டும்" என்றாள். நான் சாட்சிக் கோட்டில் என் பெயரை எழுதினேன்.

அறுவை முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது அதே வெள்ளைத் தகடு இரண்டு இடத்தில். காலில் ஒன்று, தோல் எடுத்த தொடையில் ஒன்று. எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் புண்ணைப் பார்க்காமல் போவது மரியாதை இல்லை. பார்த்து, 'அடப் பாவமே' என்று ஒரு வார்த்தை சொல்லி, பக்குவம் ஒன்று சொல்லிவிட்டுப் போனால்தான் வந்த மாதிரி. என் அக்கா சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்ததும் போர்வையில் கை வைத்தாள்.

"அக்கா, தெறக்கக் கூடாது."

"நான் என்னத்தத் தெறக்கறேன். ஓரமா ஒரு பார்வை."

"ஓரமாவும் கூடாதுக்கா."

"ஏன் தம்பி, நான் வேத்தாளா? அவ பொறந்தப்ப மொதல்ல தூக்குனது நானு."

நான் கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என் ஐம்பது வயதில் அவளை நான் அப்படித் தடுத்தது அதுதான் முதல்தரம். மகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அத்தை, வேணும்னா போட்டோ காட்டறனுங்க, டாக்டர் எடுத்தது இருக்குது" என்று போனை நீட்டினாள். அக்கா போட்டோவைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே, "வேண்டாம் கண்ணு, வெச்சிரு" என்றாள். அன்று அவள் ஒரு பக்குவமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இருந்த இரண்டு நாளும் மத்தியான நேரங்களில் தோட்டத்துக்கும் போகாமல், அறைக்கும் போகாமல், நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கட்டின் மேல் ஏதாவது கறை தெரிகிறதா என்று பார்க்கப் போகவில்லை. போகவில்லை என்பதைத் தவிர அந்த நாட்களில் நான் செய்தது ஒன்றுமில்லை. மனைவி வெண்டைக்காய் நறுக்கிக் கொடுக்கச் சொன்னாள். நறுக்கினேன்.

அறுவை முடிந்த ஐந்தாம் நாள் கட்டைத் திறந்து பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வைத்த தோல் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அன்றைக்குத்தான் தெரியும். பிடிக்கவில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து. நான் வெளியே நிற்கிறேன் என்றேன். நர்ஸும் சரி என்றார். மகள்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்குப் பாக்க பயமா இருக்குதுங்கப்பா. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"அம்மாவைக் கூப்புடட்டுமா?"

"நீங்கதான் பாக்கோணும்."

அவள் கையால் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் உப்பு நீரால் நனைத்து நனைத்துத் தகட்டைப் பிரித்தார். அந்த நனைப்பு வேறு, என்னுடையது வேறு என்று எனக்குத் தெரியும். தகடு முழுவதும் வந்தது. கீழே இளஞ்சிவப்பாக, நீர் வடிய டாக்டர் போட்டிருந்த பொடிப் பொடி ஓட்டைகளோடு, புதுத் தோல் தட்டையாகப் படிந்து கிடந்தது. நர்ஸ் விரலால் மெல்ல அழுத்தினார். வெளுத்தது, பிறகு சிவப்பு திரும்பி வந்தது.

"புடிச்சிருச்சு அம்மிணி" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தேன். வெளி ஓரத்தில் ஒரு சின்ன இடம் கறுத்திருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பது போல் தலையசைத்தார். அது தானே உதிர்ந்து ஆறிவிடும் என்று பிறகு டாக்டரும் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது.

"ஒரு ஓரத்துல மட்டும் புடிக்கல" என்றேன். "கறுப்பா இருக்குது."

"எத்தனை பெருசு?"

"உன்ற சுண்டுவிரல் நகத்தளவு."

அவள் கண்ணை மூடியபடியே சுண்டுவிரலைத் தூக்கி, மறு கையால் நகத்தைத் தடவி அளவு பார்த்தாள்.

"செரி" என்றாள். "மூடச் சொல்லுங்க."